18 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடுகிறேன்: எங்கே தவறு செய்கிறேன்?

வடக்குவாசி
2025 ஆகஸ்ட் 11

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. சிங்கப்பூர்க் குடிமகன், உட்லண்ட்ஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். கடல்வழிச் சரக்குகளை அனுப்பிவைக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் 18 ஆண்டுகள் வேலை செய்தேன். எழுத்தராகச் சேர்ந்தேன், கடைசி ஆறு ஆண்டுகள் மூன்று பேரை மேற்பார்வையிடும் மூத்த அதிகாரியாக இருந்தேன். ஏப்ரல் இறுதியில் ஆவண வேலை முழுவதையும் வெளிநாட்டிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு, எங்களில் ஒன்பது பேரை ஆட்குறைப்புச் செய்தார்கள். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்கிட்டு இழப்பீடு கொடுத்தார்கள் என்பதால் வீட்டுச் செலவு இன்னும் கையை மீறவில்லை. மனைவி பாலர் பள்ளி ஒன்றில் வேலை செய்கிறார். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மகள் உயர்நிலை இரண்டில் இருக்கிறாள்.

மே மாதத்திலிருந்து இன்றுவரை 163 வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மைகரியர்ஸ்ஃபியூச்சர், ஜாப்ஸ்ட்ரீட், லிங்க்ட்இன் ஆகிய மூன்று வேலைத் தளங்களிலும் நாள்தோறும் தேடுகிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து அனுப்புகிறேன். நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒரே ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அதன்பின் அவர்களிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. எல்லா இடங்களுக்கும் ஒரே ரெசுமேயைத்தான் அனுப்புகிறேன். அது மூன்று பக்கம் வரும். சேர்ந்த நாளிலிருந்து நான் செய்த பொறுப்புகள் அனைத்தும் அதில் இருக்கின்றன.

எனக்கு மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, விண்ணப்பம் இப்படிக் கிணற்றில் போட்ட கல்லாகப் போவதற்கு வயதுதான் காரணமா, அல்லது நான் அனுப்பும் முறையில் ஏதாவது கோளாறு இருக்கிறதா? இரண்டாவது, தரவுப் பகுப்பாய்வு போன்ற புதிய துறை ஒன்றில் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். அது பயன் தருமா? மூன்றாவது, என் கடைசிச் சம்பளம் 4,650 வெள்ளி. அதை 3,500 என்று குறைத்துக் கேட்டால் விரைவில் வேலை கிடைக்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவினர்களுக்கும் கோயில் நண்பர்களுக்கும் நான் வேலை இழந்தது இன்னும் தெரியாது. காலையில் வழக்கம்போல் உடுத்திக்கொண்டு கிளம்பி, உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.


ஆட்சேர்ப்பு மேசை
2025 ஆகஸ்ட் 11

தம்பி, வணக்கம். உற்பத்தித் துறை நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் 22 ஆண்டுகள் ஆட்சேர்ப்பைக் கவனித்தவள் என்ற முறையில், விண்ணப்பம் வந்து விழும் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வயதின் பங்கு இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் 163 விண்ணப்பங்களுக்கு நான்கு அழைப்புகள் என்ற கணக்கைப் பார்த்ததும், பெரும்பாலான இடங்களில் உங்கள் வயதை யோசிக்கும் கட்டத்துக்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மேசைக்கு ஓர் எழுத்தர் வேலைக்கே நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்ததுண்டு. முதல் பார்வையில் ஒவ்வொன்றுக்கும் நான் கொடுக்க முடிந்தது அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தில் என் கண் போவது முதல் பக்கத்தின் மேல்பாதிக்கு மட்டுமே. அங்கே எனக்குத் தேவையான ஆள் தென்படாவிட்டால், மூன்றாம் பக்கத்தில் இருப்பது எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆகவே ரெசுமேயை இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். முதல் பத்து ஆண்டுகளை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அடையாள அட்டை எண், சமயம், திருமணநிலை, பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நம் தலைமுறையினர் பழைய விண்ணப்பப் படிவங்களின் பழக்கத்தில் இவற்றை எழுதிவிடுகிறோம். வேலைக்குத் தொடர்பில்லாத இத்தகைய விவரங்களைக் கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த, நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிகளே கூறுகின்றன. நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிப்பதற்கும் 2019 செப்டம்பர் முதல் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. கேட்காததை நாமே முன்வந்து கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. "ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரித்தல், சுங்க அறிவிப்புகளைச் சமர்ப்பித்தல், வாடிக்கையாளர்களைக் கவனித்தல்" என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். இது அந்த நாற்காலியில் உட்காரும் எவரும் எழுதக்கூடிய பட்டியல். உங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு எத்தனை ஏற்றுமதிகளைக் கையாண்டீர்கள், டிரேட்நெட் என்ற சுங்க அனுமதி இணைய முறை வழியாக அனுமதி பெறுவதில் என்ன சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள், லெட்டர் ஆஃப் கிரெடிட் (வங்கி தரும் கட்டண உறுதி) ஆவணங்களை வங்கி திருப்பியனுப்பாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆவணத் துறையில் 18 ஆண்டுகள் இருந்தவருக்கு இப்படிப் பத்துச் சம்பவங்களாவது நினைவில் இருக்கும். அவற்றை முதலில் தமிழிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் இரண்டிரண்டு வரியாகச் சுருக்கலாம்.

விண்ணப்பங்களைக் குறைத்துவிடுங்கள். வாரத்துக்கு எட்டு அல்லது பத்து போதும். ஆனால் ஒவ்வொன்றும் அந்த விளம்பரத்தை வரிவரியாகப் படித்து, அதில் கேட்டிருக்கும் சொற்களைக் கொண்டே திருத்தி அனுப்பியதாக இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கணினியில் தேடித்தான் எடுக்கின்றன. விளம்பரத்தில் ஒரு சொல்லும் உங்கள் ரெசுமேயில் வேறொரு சொல்லும் இருந்தால் தேடலில் நீங்கள் அகப்பட மாட்டீர்கள். மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலை எப்போது விளம்பரம் செய்யப்பட்டது என்பதும் சம்பள வரம்பும் தெரியும். வெளிவந்து ஓரிரு நாளே ஆன விளம்பரங்களுக்கு முதலிடம் கொடுங்கள். இரண்டாவது வாரத்தில் வந்தவற்றை நான் திறக்காமலேயே விட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. ஏனெனில் அதற்குள் நேர்காணலுக்குரிய ஐந்து பேர் கிடைத்துவிட்டிருப்பார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் அனுப்பியது எந்த வகைச் சரக்கு? ஆடையா, இயந்திரமா, உணவா? அதை நீங்கள் எழுதவே இல்லை.


வடக்குவாசி
2025 ஆகஸ்ட் 12

மிக்க நன்றி அக்கா. நீங்கள் சொன்ன எல்லாத் தவறுகளும் என் ரெசுமேயில் இருந்தன. புகைப்படமும் இருந்தது.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஜூரோங் தீவைச் சேர்ந்த இரசாயன நிறுவனங்கள். எனவே நான் பார்த்தவற்றில் பாதிக்கும் மேல் ஆபத்தான சரக்கு வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகையான எளிதில் தீப்பற்றும் திரவங்கள், எட்டாம் வகையான அரிக்கும் பொருட்கள் ஆகியவையே மிகுதி. அறிவிப்புப் படிவத்தில், பொருள் எது என்று காட்டும் ஐநா எண்ணோ ஆபத்தின் அளவைக் காட்டும் பொட்டல வகையோ ஒரே ஓரிடத்தில் பிழையாக இருந்தால் கப்பல் நிறுவனம் கொள்கலனை ஏற்றாது. ஆபத்தான சரக்கை விமானவழி அனுப்புவதற்கான அயாட்டா (அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம்) சான்றிதழும் வைத்திருந்தேன். ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அது சென்ற டிசம்பரில் காலாவதியாகிவிட்டது. இது அன்றாட வேலை என்பதால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.


ஆட்சேர்ப்பு மேசை
2025 ஆகஸ்ட் 12

தம்பி, உங்களுக்கு அன்றாட வேலையாகத் தெரிவதைத்தான் மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இதுவரை "லாஜிஸ்டிக்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று தேடியிருப்பீர்கள். அந்தப் பெயரில் வரும் வேலைக்கு, பட்டயப் படிப்பை நேற்று முடித்த பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள். இனி "டேஞ்சரஸ் குட்ஸ்", "கெமிக்கல் லாஜிஸ்டிக்ஸ்", "டிரேட் கம்ப்ளையன்ஸ்" என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஆபத்தான சரக்கில் ஒன்பது வகைகள் இருப்பதும், கடல்வழி விதித்தொகுப்பு ஈராண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுவதும் கையோடு தெரிந்த ஆள் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார். சரக்கு அனுப்பும் நிறுவனங்களோடு நின்றுவிடாமல், இரசாயன உற்பத்தியாளர்கள், அவற்றை வாங்கி விற்பவர்கள், சாயம், வாசனைப் பொருள், மின்கலம் ஆகியவற்றை ஏற்றுமதி செய்பவர்கள் என்று பட்டியலை விரியுங்கள். லித்தியம் மின்கலமும் ஒன்பதாம் வகை ஆபத்தான சரக்குதான் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஓராண்டுத் தரவுப் பகுப்பாய்வுப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கற்பது நல்லதே; ஆயினும் அதை முடிக்கும்போது உங்களுக்கு 48 வயதும் அந்தத் துறையில் அனுபவமின்மையும் சேர்ந்து நிற்கும். முதலில் காலாவதியான சான்றிதழைப் புதுப்பியுங்கள். அது சில நாள் பயிற்சிதான். 40 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டம்) சிறப்புத்தொகை எல்லாப் பயிற்சிக்கும் செல்லாது. வேலைவாய்ப்போடு நேரடித் தொடர்புள்ளவையாகத் தெரிவுசெய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே செல்லும். பணம் கட்டுவதற்கு முன் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்தப் பயிற்சியைத் தேடி, எந்தத் தொகை அதற்குப் பொருந்தும் என்று பாருங்கள். எந்தப் பயிற்சியானாலும் அதைக் குறிப்பிட்டுக் கேட்கும் விளம்பரம் ஐந்தாவது உங்கள் கண்ணில் படாதவரை சேராதீர்கள்.


அச்சுக்கூடத்துக்காரன்
2025 ஆகஸ்ட் 13

அன்பு நண்பருக்கு, நூலகத்தில் உட்கார்ந்திருப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அதே நூலகத்தில் இல்லாவிட்டாலும், 49 வயதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அச்சுத் துறையில் 24 ஆண்டுகள் இருந்தவன் நான். எங்கள் அச்சகத்தை மூடிய பிறகு, வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லாமல் ஐந்து மாதங்களைக் கழித்தேன். அந்த ஐந்து மாதமும் வீண் என்பதை இன்று துணிந்து சொல்வேன். ஏனென்றால் எனக்கு வேலை கிடைத்தது விளம்பரத்தால் அல்ல; எங்களுக்கு அட்டைப் பெட்டிகள் விற்றுவந்த ஒருவர், மருத்துவக் கருவிகளை விற்கும் நிறுவனம் ஒன்றில் கிடங்குத் திட்டமிடலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னதால்தான். அவருக்கு நான் முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். என்னோடு வேலை செய்தவர்கள், எனக்குப் பொருள் விற்றவர்கள், என்னிடம் வாங்கியவர்கள், போட்டி நிறுவனங்களில் பெயரளவில் தெரிந்தவர்கள் என்று கைப்பேசியையும் பழைய மின்னஞ்சல்களையும் புரட்டி 31 பெயர்களை எழுதினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நான்கைந்து வரியில் செய்தி அனுப்பினேன். என் அச்சகம் மூடப்பட்டது, இன்ன வேலையில் எனக்கு அனுபவம், இன்ன வகை நிறுவனங்களைப் பார்க்கிறேன், அங்கே நிலவரம் எப்படி என்று 15 நிமிடம் பேச முடியுமா என்பவையே அதில் இருந்தன. "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று நான் எழுதவில்லை. அப்படிக் கேட்டால், கையில் வேலை இல்லாதவர் சங்கடப்பட்டுப் பதில் போடாமல் விட்டுவிடுகிறார். நிலவரம் கேட்டால் பேசுகிறார். 31 பேரில் 19 பேர் பேசினார்கள். அவர்களில் பலர் இன்னொருவரின் பெயரைக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு இந்த வட்டம் என்னுடையதைவிடப் பெரியது. கப்பல் நிறுவனங்களின் முன்பதிவுப் பிரிவினர், கொள்கலன் லாரி நிறுவனங்கள், ஆய்வாளர்கள், ஜூரோங் தீவு வாடிக்கையாளர்களின் ஏற்றுமதிப் பிரிவினர் என 18 ஆண்டுகள் நாள்தோறும் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படிவத்தில் பிழை இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை உங்கள் ரெசுமே சொல்வதற்கும், அவர்களில் ஒருவர் தம் மேலாளரிடம் சொல்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. கோயில் நண்பர்களிடமும் சொல்லுங்கள். வேலை போனது உங்கள் பிழையால் அல்ல.

உதவி கேட்பதில் இன்னொரு படி இருக்கிறது. ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் என்டியுசி தொழிற்சங்கக் கூட்டமைப்பின் இ2ஐ என்ற வேலைவாய்ப்பு உதவி நிலையம் இருக்கிறது. ஒர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பின் ஆலோசனை நிலையங்களும் இருக்கின்றன. அங்குள்ள ஆலோசகர்களைச் சந்திக்கக் கட்டணம் இல்லை. எனக்கு அமைந்தவர் என் ரெசுமேயை வரிவரியாகக் கேள்வி கேட்டார். நான் மாறிய வேலைக்கு நிறுவனம் அரசாங்கத்திடமிருந்து சம்பள ஆதரவு பெறும் பணி மாற்றத் திட்டம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். துறை மாறி வருபவரைப் பயிற்சியோடு வேலைக்கு எடுத்தால் அந்தக் காலத்துச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த விகிதம் கூடுதல். இதை நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்ல முடிந்தால் வயது ஒரு பாதகமாக மட்டும் இராது.

இந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? தம் விருப்பத்தால் அன்றி வேலையிழந்த, அதற்கு முன் சராசரியாக மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காத குடிமக்களுக்கு ஆறு மாதம் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கிறது. முதல் மாதம் 1,500 வெள்ளி. பிறகு படிப்படியாகக் குறையும். மாதந்தோறும் விண்ணப்பங்கள், ஆலோசகர் சந்திப்பு, பயிற்சி போன்றவற்றைச் செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எப்படியும் நீங்கள் செய்யப்போவதுதானே. வீட்டின் ஆண்டு மதிப்பு (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் என மதிப்பிடும் தொகை) முதலான வேறு நிபந்தனைகளும் உண்டு. சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பள விஷயத்தில் ஒரு சொல். நான் 15 விழுக்காடு குறைவாக ஏற்றுக்கொண்டு சேர்ந்தேன். தேவைப்பட்டால் குறைத்துக் கேளுங்கள் என்பதே என் கருத்து.


கண்ணம்மா_பேட்டி
2025 ஆகஸ்ட் 13

வணக்கம் அண்ணா. எனக்கு 34 வயது. பயிற்சி நிறுவனம் ஒன்றில் நேர்காணல் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறேன். உங்களுக்கு ஒரு நேர்காணல் மட்டுமே வந்தது என்பதால் மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நம்மவர்களிடம், குறிப்பாக 40 வயதைக் கடந்த ஆண்களிடம், நான் திரும்பத் திரும்பக் காணும் ஒன்று இருக்கிறது. "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "நாங்கள் செய்தோம்" என்று தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் பேசும்போதும் அதே பன்மைதான் வரும். "நான்" என்று சொல்வது நம் வளர்ப்பில் அகம்பாவமாகப் படுகிறது. "நான் நான் என்று பேசாதே" என்று கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தப் பண்பு எனக்கும் பிடித்தமானதே. ஆனால் எதிரே இருப்பவர் உங்களைத்தான் வேலைக்கு எடுக்கப்போகிறார்; உங்கள் குழுவை அல்ல. ஒரு மணி நேரம் "நாங்கள்" என்று பேசிய ஒருவரைப் பற்றி, "நல்ல மனிதர், ஆனால் அவர் தனியாக என்ன செய்தார் என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்த மதிப்பீட்டை நானே பார்த்திருக்கிறேன். குழுவுக்கு உரிய பெருமையை ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டு, உங்கள் பங்கை ஒருமையில் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, "மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை அது, படிவத்தில் ஐநா எண் தவறாக இருந்ததைக் கண்டுபிடித்து, கப்பல் நிறுவனத்திடம் அவகாசம் கேட்டு, அன்றிரவே திருத்தி அனுப்பியது நான்." இதில் தற்பெருமை ஏதுமில்லை. நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

மேலே அக்கா சொன்னபடி எழுதும் பத்துச் சம்பவங்களையும் ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குமாறு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு எது, என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது என்ற நான்கும் அதில் வர வேண்டும். மகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சரக்குத் துறையை அறியாத 14 வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது என்றால் மனிதவள அதிகாரிக்கும் புரியும். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்பது முதல் இரண்டு முறை கடினமாக இருக்கும். மூன்றாம் முறை உங்கள் குறை எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆட்குறைப்பு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். "ஆவணப் பிரிவு வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டது, ஒன்பது பேரின் பதவிகள் நீக்கப்பட்டன, என்னுடையது அவற்றில் ஒன்று." முன்னாள் முதலாளியைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். வயதை மறைமுகமாகத் தொட்டு, "இளையவர் ஒருவரின் கீழ் வேலை செய்வீர்களா?" என்று கேட்டால் கோபப்படாமல், அப்படி வேலை செய்த ஒரு சம்பவத்தையே விடையாகச் சொல்லுங்கள். வயது உள்ளிட்ட காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் இந்த ஆண்டு ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆயினும் அறைக்குள் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது ஆயத்தமாக வைத்திருக்கும் விடைதான்.

சம்பளத்தில் நான் அச்சுக்கூடத்து ஐயாவிடமிருந்து மாறுபடுகிறேன். நீங்களாகவே 3,500 என்று தொடங்காதீர்கள். 4,650 வாங்கியவர் அவ்வளவு இறங்கி வந்தால், "இவர் ஆறு மாதத்தில் போய்விடுவார்" என்றோ "ஏதோ குறை இருக்கிறது" என்றோதான் நினைப்பார்கள். விளம்பரத்திலுள்ள சம்பள வரம்பைப் பார்த்து, 4,300 முதல் 4,800 வரை எதிர்பார்ப்பதாகவும் பொறுப்பைப் பொறுத்துப் பேசலாம் என்றும் சொல்லுங்கள்.


ஆட்சேர்ப்பு மேசை
2025 ஆகஸ்ட் 14

கண்ணம்மா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். அச்சுக்கூடத்து ஐயா துறை மாறினார். புதிய துறையில் அவர் தொடக்கநிலையில் சேர்ந்ததால் குறைத்துக்கொண்டது நியாயம். தம்பி தாம் தேர்ந்த வேலைக்கே போகிறார். குறைக்க வேண்டிய இடம் அதுவல்ல.


தேக்கா_வாசகர்
2025 ஆகஸ்ட் 14

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். வேலை தேடுகிறோம் என்று பல இடங்களில் தொலைபேசி எண்ணைப் பதிந்த பிறகு, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "வீட்டிலிருந்தே நாளுக்கு 200 வெள்ளி" என்ற வகைச் செய்திகள் எனக்கு வரத் தொடங்கின. முதலில் சிறு தொகையைக் கொடுத்து நம்பவைத்து, பிறகு நம்மிடமே பணம் போடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒருவர் இழப்பீட்டுத் தொகையின் பெரும்பகுதியை இப்படித்தான் இழந்தார். வேலை கொடுப்பவர் முன்பணம் கேட்டால் அது வேலை அல்ல. ஐயம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

முகவர்கள் வழியாக விண்ணப்பித்தால், விளம்பரத்தில் அவர்களின் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்துச் சேர்ந்தால், 14 நாட்களுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. ஆனால் நீங்கள் அதுவரை காத்திராமல், ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.


வடக்குவாசி
2025 அக்டோபர் 4

அனைவருக்கும் வணக்கம். ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரெசுமேயை ஒன்றேமுக்கால் பக்கமாக்கினேன். முதல் வரியிலேயே ஆபத்தான சரக்கு ஆவணங்களில் 12 ஆண்டு அனுபவம் என்று போட்டேன். அயாட்டா சான்றிதழைச் செப்டம்பர் முதல் வாரத்தில் புதுப்பித்தேன். 54 பெயர்கள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். செய்தி அனுப்ப விரல் தயங்கியது உண்மை. முதல் ஐந்து பேருக்கு அனுப்ப இரண்டு நாள் ஆயிற்று. அச்சுக்கூடத்து அண்ணன் சொன்னதுபோலவே நிலவரம் மட்டும் கேட்டேன். 30 பேருக்கும் மேல் பேசினார்கள். அவர்களில் ஒருவர், முன்பு எங்கள் கொள்கலன்களை ஏற்றிய லாரி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். துவாஸில் இரசாயனங்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் பிரசவ விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக ஆள் வேண்டியிருப்பதை அவர் சொன்னார். அந்த வேலை எந்தத் தளத்திலும் விளம்பரம் ஆகவில்லை.

இந்த ஏழு வாரத்தில் நான் அனுப்பிய விண்ணப்பங்கள் 41, நேர்காணல்கள் ஐந்து. மகளுடன் பழகியபோது அவள் "அப்பா, மறுபடியும் நாங்கள் என்கிறீர்கள்" என்று நிறுத்திக்கொண்டே இருந்தாள். துவாஸ் நிறுவனத்தில் இரண்டு சுற்று முடிந்து, மாதம் 4,500 வெள்ளிக்கு ஓராண்டு ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம், விடுப்பு, மருத்துவச் சலுகை ஆகியவை தெளிவாக உள்ளன. ஓராண்டுக்குப் பின் நிரந்தரமாக்குவது பற்றி எதுவும் எழுதப்படவில்லை. மற்றொரு நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு இரண்டாம் சுற்று இந்த மாதம் 16ஆம் தேதி இருக்கிறது. துவாஸுக்கு 8ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?


ஆட்சேர்ப்பு மேசை
2025 அக்டோபர் 4

மிக்க மகிழ்ச்சி தம்பி. மற்ற நிறுவனத்தை நாளை மறுநாளே அழைத்து, கையில் ஒரு வாய்ப்பு இருப்பதையும் 8ஆம் தேதி கெடுவையும் உள்ளபடி சொல்லி, இரண்டாம் சுற்றை 7ஆம் தேதிக்குள் வைக்க முடியுமா என்று கேளுங்கள். உண்மையாகவே உங்களை விரும்பினால் நேரம் ஒதுக்குவார்கள். நானே பலருக்காக அப்படி மாற்றியிருக்கிறேன். முடியாது என்றால் துவாஸை ஏற்றுக்கொள்ளுங்கள். எட்டாவது மாதத்தில் நீட்டிப்பைப் பற்றிப் பேசுவதாக மேலாளரிடம் ஒரு மின்னஞ்சல் உறுதி மட்டும் வாங்கிவையுங்கள்.


வடக்குவாசி
2025 அக்டோபர் 8

அக்கா, அவர்களால் தேதியை மாற்ற முடியவில்லை. இன்று காலை துவாஸுக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டேன். நீங்கள் சொன்ன மின்னஞ்சலும் மதியம் வந்து சேர்ந்தது. 13ஆம் தேதி சேர்கிறேன். என்னோடு ஆட்குறைப்புச் செய்யப்பட்ட ஒன்பது பேரில் இருவர் இன்னும் தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இறக்குமதிச் சுங்க அறிவிப்பில் என்னைவிடத் தேர்ந்தவர். 16ஆம் தேதிச் சுற்றிலிருந்து நான் விலகுவதாகச் சொன்ன அழைப்பிலேயே, அவருடைய பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ரெசுமேயை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இன்றிரவு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மேசையில் இருவரும் உட்கார்ந்து அதை இரண்டு பக்கமாக்கப்போகிறோம்.